பக்கத்து ஊர் எதிராளி

காஞ்சிபுரம் பச்சையப்பன் ஆடவர் கல்லூரியிலிருந்து செய்யாறு அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம் போதும். முன்னது 1947இல் தொடங்கியது, பின்னது 1967இல். உத்திரமேரூர் வட்டத்துப் பிள்ளைகளுக்கு இரண்டுமே பழக்கமான பெயர்கள். பெருநகரிலோ மானாம்பதியிலோ அண்ணன் காஞ்சிபுரத்திலும் தம்பி செய்யாற்றிலும் படிக்கும் வீடுகள் உண்டு. 2002இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவாகும்வரை இரண்டு கல்லூரிகளும் சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான் இணைந்திருந்தன. கபடியோ கைப்பந்தோ, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி என்றால் இரண்டும் ஒரே அட்டவணைக்குள் வர இடம் இருந்தது. 2002க்குப் பிறகு செய்யாறு அந்தப் பக்கம், காஞ்சிபுரம் இந்தப் பக்கம். விளையாட்டுக்காக யாரும் போட்ட கோடு இல்லை அது. பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரை விழ வேண்டும் என்பதற்காகப் போடப்பட்டது. ஆனாலும் அண்ணனும் தம்பியும் அதிகாரபூர்வமான போட்டி ஒன்றில் நேருக்கு நேர் நிற்க முடியாமல் செய்தது அந்தக் கோடுதான்.

நம் நாட்டில் கல்லூரி விளையாட்டு இயங்கும் முறை எளிமையானது. ஒரு பல்கலைக்கழகத்தில் இணைவு பெற்ற கல்லூரிகள் தங்களுக்குள் மோதும். கல்லூரிகள் அதிகம் என்றால் மண்டலங்களாகப் பிரிப்பார்கள். மண்டலத்தில் வென்றவர்கள் மண்டலங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போவார்கள். மாணவர்கள் வாயில் அது ‘இன்டர் ஜோன்’. அங்கே கண்ணில் பட்டவர்களைக் கொண்டு பல்கலைக்கழக அணி தேர்வாகும். அந்த அணி, இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் தென் மண்டலப் போட்டிக்குச் செல்லும். அதில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு மண்டலங்கள். எந்தக் கல்லூரி எந்த வட்டத்தில் ஆடும் என்பதை அந்தக் கல்லூரியின் விளையாட்டு வரலாறோ, அதன் மைதானமோ, எதிராளிகளோ தீர்மானிப்பதில்லை. இணைவு ஆணை தீர்மானிக்கிறது.

இந்த வட்டங்கள் ஒருநாளும் நிலையாக இருந்ததில்லை. 1857இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுவதற்குமே தாய்வீடாக இருந்தது. 1916இல் மைசூர், 1926இல் ஆந்திரா, 1929இல் அண்ணாமலை, 1937இல் திருவிதாங்கூர் என்று புதுப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. 1966இல் மதுரை, 1982இல் பாரதியார், பாரதிதாசன், 2002இல் திருவள்ளுவர். இன்று சென்னைப் பல்கலைக்கழகத்திடம் மிஞ்சியிருப்பவை சென்னையும் அதைச் சுற்றியுள்ள திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களும்தான். பிரிந்தவையும் அப்படியே இருக்கவில்லை. திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திடமிருந்த கடலூர், விழுப்புரம் பகுதிக் கல்லூரிகள் 2021க்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. பொறியியல் கல்லூரிகளின் கதை இதைவிட வேகமானது. அண்ணா பல்கலைக்கழகத்தை 2007 வாக்கில் பல துண்டுகளாக்கினார்கள், 2012இல் மறுபடி ஒட்டினார்கள். இத்தனை மாற்றத்திலும் பாடத்திட்டம், தேர்வு, துணைவேந்தர் நியமனம் எல்லாம் விவாதிக்கப்பட்டன. யாரோடு யார் ஆடுவது என்ற கேள்வியை எவரும் பொருட்டாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் அந்தக் கேள்விதான் தலைப்புச் செய்தி. அங்கே கல்லூரிகள் தாங்களே கூடி ‘கான்ஃபரன்ஸ்’ என்ற குழுக்களை அமைத்துக்கொள்கின்றன. யாரைச் சேர்ப்பது, எப்போது விலகுவது என்பதும் அவற்றின் முடிவே. 1915இல் வேர்விட்ட பசிபிக் கரைக் குழு, பின்னாளில் ‘பேக்-12’ என்று பெயர் பெற்றது, 2024இல் ஆரெகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே உறுப்பினர்களோடு நின்றது. லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் ‘பிக் டென்’ குழுவுக்குப் போய்விட்டன. பெயரில் பத்து இருந்தாலும் அதன் உறுப்பினர்கள் இன்று 18. காரணம் தொலைக்காட்சிப் பணம். 2022இல் அந்தக் குழு போட்ட ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். விளைவாக, லாஸ் ஏஞ்சலிஸ் மாணவி ஒரு கைப்பந்து ஆட்டத்துக்காக நாலாயிரம் கிலோமீட்டர் பறந்து நியூ ஜெர்சிக்குப் போகிறாள்.

டெக்சஸ் பல்கலைக்கழகமும் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகமும் 1894 முதல் மோதி வந்தவை. ஏ அண்டு எம் வேறு குழுவுக்குத் தாவியதும் 2011ஆம் ஆண்டு ஆட்டத்தோடு கால்பந்து மோதல் நின்றுபோனது. ஒரே மாநிலம், ஒரே தொழில், ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். பதின்மூன்று ஆண்டு ஆட்டமே இல்லை. டெக்சஸும் அதே குழுவுக்கு வந்துசேர்ந்த பிறகுதான் 2024 நவம்பர் 30 அன்று மறுபடி மோதினார்கள். ஓக்லஹோமாவுக்கும் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்த ஆட்டம் 2023 நவம்பரோடு நின்றது, இன்னும் திரும்பவில்லை.

அங்கே விரிவு, இங்கே பிரிவு. காரணமும் வேறு, பணமும் வேறு. ஆனால் இரண்டிலும் முதலில் காணாமல் போகிறவர் பழைய எதிராளி. உறுப்புரிமையை மாற்றியவர்கள் எங்கேயும் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை.

நம் முறையில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அதைக் காண ஏனாத்தூர் வரை போனால் போதும். அங்கே சங்கரா கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரி. அதே ஏனாத்தூரில் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா இருக்கிறது. அது 1993 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், தானே தனி அணி அனுப்பும். அங்கேயே உள்ள மருத்துவக் கல்லூரி இன்னொரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. சற்றுத் தள்ளிப் பொன்னேரிக்கரையில் உள்ள பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. கல்வியியல் கல்லூரிகளுக்கு ஒரு பல்கலைக்கழகம், சட்டத்துக்கு ஒன்று, உடற்கல்விக்கு ஒன்று. ஒரே சாலையில், ஒரே டீக்கடையில் நிற்கும் மாணவர்கள் இவர்கள். அதிகாரபூர்வமான போட்டியில் இவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டுமானால், ஒவ்வொருவரும் தத்தம் பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்து, தென் மண்டலப் போட்டிக்காக வேறொரு மாநிலத்துக்குப் போய், அங்கே குலுக்கலில் எதிரெதிரே விழ வேண்டும்.

இவ்வளவையும் சொன்னால், பிரிவினை ஒட்டுமொத்தமாகக் கெடுதல் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. பிரிவினால் விளைந்த நன்மை ஒன்று பெரியது, அதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரே அணி. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளைக் கொண்ட சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் ஒன்றுதான், ஒரே வளாகத்தில் இயங்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் ஒன்றுதான். கபடி அணியில் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டில் ஒருவராக இருப்பது வெறும் பெருமை இல்லை. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்கு ‘ஃபார்ம் மூன்று’ என்று ஒரு சான்றிதழ் உண்டு. மாநில அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, காவல் துறை, வங்கி என்று கிராமத்துப் பிள்ளை கனவு காணும் வேலைகளுக்கு அந்தத் தாள் ஒரு திறவுகோல். 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் பிரிந்தபோது செய்யாறு, வந்தவாசி, திருவண்ணாமலைப் பக்கத்து மாணவர்களுக்குப் புதிதாகப் பன்னிரண்டு இடம் கிடைத்தது. சென்னையின் பெரிய கல்லூரிகளைத் தாண்டித்தான் பல்கலைக்கழக அணிக்குள் நுழைய முடியும் என்ற நிலை அவர்களுக்கு அன்றோடு மாறியது. உத்திரமேரூர் மாணவனுக்கு அது மாறவில்லை. மானாம்பதியிலிருந்து மேற்கே செய்யாற்றுக்குப் போய்ப் படிப்பவனுக்கு ஒரு வாசல். வடக்கே காஞ்சிபுரத்துக்குப் போகிறவனுக்கு வேறு வாசல், அதுவும் நெரிசலான வாசல். பிளஸ் டூ முடித்து எந்தக் கல்லூரியில் விண்ணப்பம் போடுவது என்று முடிவெடுக்கும்போது இதை அவனுக்கு எடுத்துச் சொல்பவர் யாரும் இருப்பதில்லை.

மண்டலமாகப் பிரிப்பதிலும் இதே நன்மை சிறு அளவில் இருக்கிறது. எல்லாக் கல்லூரிகளையும் ஒரே நாக்அவுட்டில் போட்டால் ஊர்ப்புறக் கல்லூரி முதல் சுற்றிலேயே பெரிய கல்லூரியிடம் விழும். சென்ற ஆண்டு முன்னணியில் வந்தவர்களைத் தரவரிசைப்படி பிரித்து வைப்பார்கள். மற்றவர்கள் யாரிடம் விழுவார்கள் என்பது குலுக்கலின் கையில். தனி மண்டலம் என்றால் நடுத்தரக் கல்லூரி ஒன்று அரையிறுதி வரையாவது வரும், கோப்பை ஒன்றை முதல்வர் அறையில் வைக்கும். அந்தக் கோப்பை அடுத்த ஆண்டு பந்து வாங்கும் நிதிக்குக் காரணமாகும். இந்தச் சங்கிலி எத்தனை மெலிதானது, எத்தனை அவசியமானது என்பது உடற்கல்வி இயக்குநர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் உத்திரமேரூர்ப் பக்கத்து மாணவனின் ஆண்டை ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டும். ஜூலை தொடங்கி மாலை நேரப் பயிற்சி. சுண்ணாம்புக் கோடு போட்ட மண் மைதானம், தையல் விட்ட பந்து. மண்டலப் போட்டி சென்னையில் ஒரு கல்லூரியில் என்று சுற்றறிக்கை வரும். காலை எட்டு மணிக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும். அதிகாலை முதல் பேருந்தைப் பிடித்தால்தான் காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ மாறி நேரத்துக்குப் போய்ச் சேரலாம். இரண்டு பேர் முந்தின இரவே கல்லூரிக்குப் பக்கத்து நண்பன் வீட்டில் தங்குவார்கள். கிட் பேக்கில் ஜெர்சி, அடையாள அட்டை, எலிஜிபிலிட்டி படிவத்தின் நகல், அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம். போய்ச் சேர்ந்தால் எதிரே நிற்பது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் தஞ்சாவூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பொறுக்கி எடுத்த அணி. ஆட்டம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பதினோரு மணிக்கு ‘பி.டி. சார்’ எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துப் பேருந்தில் ஏற்றுவார். அவ்வளவுதான், அந்த ஆண்டுக்கான கல்லூரி விளையாட்டு. நான்கு மாதப் பயிற்சிக்கு ஒரே ஆட்டம், அதுவும் கற்றுக்கொள்ள எதையும் மிச்சம் வைக்காத ஆட்டம்.

பெண்கள் அணி என்றால் அந்த ஒரு ஆட்டமும் உறுதியில்லை. இரவு தங்க வேண்டும் என்றதும் பாதி வீடுகளில் பேச்சு முடிந்துவிடும். பயிற்சிக்கு ஒழுங்காக வந்த பெண், போட்டி நாளன்று வரமாட்டாள். அணி சேராமல் ‘வாக் ஓவர்’ கொடுக்கும் கல்லூரிகளைக் கேட்டால் காரணம் திறமைக்குறைவு என்று யாரும் சொல்வதில்லை. தூரம், நேரம், துணைக்கு வரும் ஆசிரியை இல்லாமை என்றுதான் சொல்வார்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிடக்கூடிய முப்பது கிலோமீட்டருக்குள் நல்ல எதிராளி இருக்கும்போது, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்புகிற முறை பெண்களை வெளியே வைக்கும் முறையாகவே செயல்படுகிறது. இந்த ஏற்பாட்டின் குறைகளில் இதைத்தான் முதலாவதாக வைப்பேன்.

பக்கத்து எதிராளி ஏன் அவ்வளவு முக்கியம்? கபடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரைடர் முதல் முறை எதிரே வரும்போது அவன் போனஸ் கோட்டுக்குப் போவானா, கார்னரைத் தொடுவானா என்று பிடிப்பவனுக்குத் தெரியாது. மூன்றாவது ஆட்டத்தில் தெரிந்துவிடும்: இடது காலைக் கொஞ்சம் முன்னால் வைத்தால் அவன் வலப்பக்கம் திரும்பப் போகிறான். அடுத்த ஆண்டு ரைட் கார்னர் அந்தக் காலுக்காகக் காத்திருந்து ஆங்கிள் பிடி போடுவான். அதற்கடுத்த ஆண்டு ரைடர் அதே காலைப் பொய்க்கு வைப்பான். இருவரும் ஒருவரை ஒருவர் வளர்த்தது அப்படித்தான். முன்பின் தெரியாத அணியிடம் ஆண்டுக்கு ஒருமுறை தோற்பதில் இந்தக் கல்வி இல்லை. மறுபடி மறுபடி சந்திக்கும், ஏறக்குறைய சம பலமுள்ள எதிராளி வேண்டும். பயிற்சியாளர் இல்லாத கல்லூரிக்கு எதிராளிதான் பயிற்சியாளர்.

பகைமையின் மறுபக்கத்தை மறைத்துவிட்டு இதைப் பேசக் கூடாது. சென்னையில் பச்சையப்பன் கல்லூரி மாணவர்களுக்கும் மாநிலக் கல்லூரி மாணவர்களுக்கும் இடையிலான மோதல் பேருந்து வழித்தடங்களிலும் ரயில் நிலையங்களிலும் ‘ரூட்டு தல’ என்ற பெயரில் பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரலில் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர் சில நாட்களில் இறந்தார். கிராமத்திலிருந்து ரயிலேறிப் படிக்க வந்த பிள்ளைதான் அவரும். இரண்டு பழைய கல்லூரிகளின் பெயர்களும் அந்தச் செய்தியோடு சேர்ந்து அச்சானதைப் பார்த்தபோது மனம் கனத்தது. மரபு என்ற சொல்லை அங்கே பயன்படுத்தவே கூடாது. எல்லைக் கோடும் நடுவரும் விதியும் இல்லாத இடத்தில் கல்லூரிப் பெயர் வெறும் கும்பல் பெயராகிவிடுகிறது. ஆட்டங்களைக் கூட்டினால் இந்த வன்முறை தானாகக் குறைந்துவிடும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை; அப்படி நம்பி ஏமாறவும் கூடாது. ஆட்டம் நடக்கும் இடத்தில் பொறுப்புள்ள ஆசிரியர்கள் இருக்க வேண்டும், தகராறு செய்த அணிக்கு அடுத்த ஆண்டு இடம் கிடையாது என்ற விதி முன்கூட்டியே இருக்க வேண்டும்.

ஊர்ப் போட்டிகளுக்கும் இருட்டுப் பக்கம் உண்டு. பொங்கலுக்கு நம் பக்கம் கைப்பந்து, கபடிப் போட்டி நோட்டீஸ் ஒட்டாத பேருந்து நிறுத்தம் இல்லை. நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, உபயதாரர் பெயர், கீழே ‘ஒரே ஊர் வீரர்கள் மட்டும்’ என்ற நிபந்தனை. அந்த ஒரே ஊருக்குள் ஊரும் காலனியும் தனித்தனி அணியாக வருவதும், சில இடங்களில் ஒன்றோடொன்று ஆடாமல் விலகிப் போவதும் எல்லாரும் அறிந்ததே. கல்லூரி அணி அதை உடைக்கிறது. ஊர்த் தெருப் பையனும் காலனிப் பையனும் ஒரே ஜெர்சியில், ஒருவர் செட் செய்த பந்தை இன்னொருவர் அடிப்பது பெரும்பாலும் கல்லூரியில்தான் முதன்முதலாக நடக்கிறது. அவர்களுக்குப் பொதுவான எதிராளி ஒருவர் கிடைக்கும்போது அந்த ஒட்டு இறுகுகிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு நான் காணும் சமூகப் பயன்களில் இதற்கு இணையானது வேறில்லை. வருடத்துக்கு ஒரே ஆட்டம் என்ற நிலையில் அது நிகழ அவகாசமே இருப்பதில்லை.

உறுப்புரிமை மாறினாலும் எதிராளியை விடாமல் வைத்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்டால், தமிழர்களிடமே விடை இருக்கிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதும் ‘வடக்கின் போர்’ கிரிக்கெட் ஆட்டம் எந்தச் சங்கத்தின் அட்டவணையையும் நம்பியதில்லை. இரண்டு பள்ளிகள் தங்களுக்குள் நாள் குறித்துக்கொண்டு ஆடுகின்றன. போர் அதை இடையில் நிறுத்தியது. முடிந்ததும் மறுபடி எடுத்துக்கொண்டார்கள். டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்கள் அந்த நாட்களுக்கென்றே பயணச்சீட்டு எடுக்கிறார்கள். டெக்சஸில் கோடிக்கணக்கான டாலர் செய்ய முடியாததை, இரண்டு பள்ளி அதிபர்களின் மனஒப்புதல் யாழ்ப்பாணத்தில் செய்திருக்கிறது. சென்னையில் லயோலா கல்லூரி, தன்னை 1925இல் நிறுவிய அருட்தந்தை பெர்ட்ராம் பெயரில் நடத்தும் போட்டியும் இந்த வகையே. எந்தப் பல்கலைக்கழகம் என்று பாராமல் அழைப்பின் பேரில் அணிகள் வரும்.

நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்களில் சிறந்த விளையாட்டுச் சாதனைக்காக 1956–57 முதல் தரப்படும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை, நெடுங்காலம் பஞ்சாப் பகுதியின் பழைய பொதுப் பல்கலைக்கழகங்களின் கையில் இருந்தது. 2024க்கான கோப்பை சண்டிகர் பல்கலைக்கழகம் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளின் முதல் பதிப்பில், 2020இல் புவனேஸ்வரத்தில், முதலிடம் பஞ்சாப் பல்கலைக்கழகம். 2022இல் பெங்களூருவில் நடந்தபோது முதலிடம் ஜெயின் பல்கலைக்கழகம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெளிவு. நம் பக்கமும் காட்டாங்குளத்தூர் போன்ற இடங்களில் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்குக் கட்டணமில்லாப் படிப்பு, விடுதி, உணவு, பயிற்சியாளர் என எல்லாம் தருகின்றன. ஏழை வீட்டுப் பெண் ஒருத்தி கைப்பந்து ஆடியதற்காக மூன்றாண்டுப் பட்டம் செலவில்லாமல் பெறுகிறாள் என்றால் அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நல்ல காரியம் அது. அதன் விலையை ஊர்ப்புறக் கல்லூரி கொடுக்கிறது என்பதுதான் சிக்கல். உத்திரமேரூர்ப் பள்ளியில் மாவட்டம் வரை ஆடிய நான்கு பேரில் மூன்று பேர் அங்கே போய்விட்டால், உள்ளூர் அணியில் மிஞ்சும் ஒருவனுக்குப் பந்து போட ஆளில்லை. சண்டையிடத் தகுந்த அணிகள் இரண்டு இருந்தால்தான் மரபு உண்டாகும். திறமை முழுவதையும் ஒரே இடத்தில் குவித்தால் வெற்றி உண்டாகும், மரபு உண்டாகாது.

மாவட்ட வரைபடமும் இதில் கலந்துகொண்டது. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானது. தாம்பரம், காட்டாங்குளத்தூர் பக்கத்துப் பெரிய வளாகங்கள் அத்தனையும் அந்தப் பக்கம் போயின. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவு மாவட்ட அளவில் நடக்கிறது. அங்கே எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்வி குறுக்கே வருவதில்லை. ஏனாத்தூரின் பக்கத்து வீட்டுக்காரர்கள் சந்திக்கக்கூடிய அரிய மேடை அது. பிரிவினைக்குப் பிறகு காஞ்சிபுரம் மாவட்டத்தின் சிறு கல்லூரிகளுக்கு மாவட்ட அளவில் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. செய்யாறு மட்டும் இங்கேயும் வெளியே. அது திருவண்ணாமலை மாவட்டம்.

உறுப்புரிமைக்கு விதி வகுப்பது உத்திரமேரூருக்குப் புதிதில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், இங்கே வெட்டப்பட்ட கல்வெட்டுகள் முப்பது குடும்புகளிலிருந்தும் குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்ததைச் சொல்கின்றன. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்க்கு மட்டுமே திறந்த சபை அது. பெரும்பாலோரை வெளியே நிறுத்திய விதிகள் அவை, அதில் பெருமைகொள்ள எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள் இருந்த ஒரு விதி இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத் தக்கது. மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி அமர முடியாது. மண்டலப் போட்டியை நடத்தும் பொறுப்புக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நல்ல மைதானம் இருக்கிறது என்ற காரணத்தால் அதே சில சென்னைக் கல்லூரிகளே மீண்டும் மீண்டும் நடத்துகின்றன. நடத்துகிற கல்லூரிக்கு மைதானம் பழக்கம், பயணம் இல்லை, பார்வையாளர் கூட்டம் சொந்தம். அந்தப் பொறுப்பு சுழன்று மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது காஞ்சிபுரத்துக்கும் மதுராந்தகத்துக்கும் வந்தால், அங்கே மைதானத்தைச் சீர்செய்ய ஒரு காரணம் கிடைக்கும். சென்னை அணிகளும் அதிகாலைப் பேருந்தைப் பிடித்துப் பார்க்கும்.

பல்கலைக்கழக எல்லைகளைத் திரும்ப வரையச் சொல்வது வீண். கல்வி நிர்வாகத்துக்கு அவற்றின் காரணங்கள் உண்டு. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தந்த கூடுதல் இடங்களை யாரும் இழக்கவும் கூடாது. செய்ய வேண்டியது அந்த எல்லைகளுக்கு மேலே இன்னொரு வலை பின்னுவது. காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, மதுராந்தகம், செங்கல்பட்டு என்று ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவுக்குள் இருக்கும் கல்லூரிகள், கலை, பொறியியல், கல்வியியல் வேறுபாடு இல்லாமல், ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் லீக் முறையில் தங்களுக்குள் ஆடலாம். மண்டலப் போட்டிக்கு முன்பே ஒவ்வொரு அணிக்கும் ஆறேழு ஆட்டம் கிடைத்துவிடும்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரியும். இதில் ஆடினால் சான்றிதழுக்கு மதிப்பில்லையே என்று மாணவனே கேட்பான். நியாயமான கேள்வி, வேலை தேடும் வீட்டில் அது அலட்சியம் செய்யக்கூடியதில்லை. இந்த லீக்கால் நேரடியாக ஃபார்ம் மூன்று கிடைக்காது. இன்டர் ஜோனில் தேர்வாளர் கண்ணில் படும் அளவுக்கு ஆட இது தயார்செய்யும், அதுவரைதான் இதனால் உறுதி சொல்ல முடியும். செலவு என்ன என்று முதல்வர் கேட்பார். மாணவரிடம் விளையாட்டுக் கட்டணம் என்று வாங்கும் தொகையில் ஓர் அரசுப் பேருந்துப் பயணத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடம் இருக்கிறது. உடற்கல்வி இயக்குநர் பணியிடம் காலியாக உள்ள கல்லூரிகளில் யார் அழைத்துப் போவது என்ற கேள்விதான் உண்மையிலேயே கடினமானது. அதற்குப் பணியிடத்தை நிரப்புவதைத் தவிர வேறு நல்ல விடை இல்லை.

தொடங்க வேண்டிய இடம் பெண்கள் கபடி என்பது என் எண்ணம். காஞ்சிபுரம் பச்சையப்பன் மகளிர் கல்லூரியும் செய்யாறு அரசு கலைக் கல்லூரியும், ஓர் ஆண்டு இங்கே, மறு ஆண்டு அங்கே. மேட் தேவையில்லை, தண்ணீர் தெளித்த மண் தளம் போதும். காலை பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிட்டால் பெருநகருக்கும் மானாம்பதிக்கும் போகிற பெண்கள் ஆறு மணிக்கு முன் வீட்டில் இருப்பார்கள். பல்கலைக்கழகச் சட்டம் எதையும் திருத்தாமல், இரண்டு முதல்வர்களின் கையெழுத்தோடு இந்தக் கல்வியாண்டிலேயே நடத்திவிடலாம்.